லாக், ஹியூம் மட்டும்தானா? தொடக்க நவீன காலப் பெண் தத்துவவாதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்துவம் படிக்கிற மாணவர்களிடம் அனுபவவாதிகள் யார் என்று கேட்டால் லாக், பார்க்லி, ஹியூம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அந்த மூவரோடும் வாதாடிய பெண்கள் யார், அவர்களுக்காக வாதாடிய பெண்கள் யார் என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் வராது. பெயர்கள் இருக்கின்றன, புத்தகங்களும் இருக்கின்றன. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வு அவற்றை மறுபடி வாசிப்புக்குக் கொண்டுவந்திருக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

ஏறக்குறைய 1600 முதல் 1800 வரையிலான ஐரோப்பா. இந்தக் கோடு கறாரானது அல்ல. மேரி ஷெப்பர்டின் இரண்டு புத்தகங்களும் 1820களில்தான் வந்தன. ஆனால் அவர் பதில் சொல்வது ஹியூமுக்கும் பார்க்லிக்கும் என்பதால் அவரையும் இந்தக் காலத்தவர்களோடு சேர்த்தே படிக்கிறார்கள்.

அனுபவவாதம் என்றால் சுருக்கமாக என்ன?

நம் அறிவுக்கான சரக்கு முழுவதும் அனுபவத்திலிருந்தே வருகிறது என்ற நிலைப்பாடு. ஜான் லாக்கின் ‘மனித அறிவுத்திறன் பற்றிய கட்டுரை’ 1689 டிசம்பரில் வெளியானது. தலைப்புப் பக்கத்தில் 1690 என்று இருக்கும். பிறக்கும்போது மனம் எழுதாத வெள்ளைத் தாள் என்கிறார் லாக். புலன்கள் வழியாகச் சில கருத்துகள் வருகின்றன. மனம் தன் வேலையைத் தானே கவனிப்பதால் சில கருத்துகள் வருகின்றன. கடவுள் பற்றியோ ஒழுக்கம் பற்றியோ பிறவியிலேயே பதிந்துவந்த கருத்து எதுவும் கிடையாது.

இதோடு இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. ‘அனுபவவாதிகள் மூவர், அறிவுவாதிகள் (அனுபவத்தைவிடப் பகுத்தறிவையே அறிவுக்கு அடிப்படையாகக் கொண்டவர்கள்) மூவர்’ என்ற பட்டியல் அவர்கள் காலத்தில் இல்லை. 18ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி கான்ட்டுக்குப் பிறகு வந்த ஜெர்மானிய வரலாற்றாசிரியர்கள் பின்னோக்கிப் பார்த்துப் போட்ட கோடு அது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புழக்கத்தில் இருந்த பிரிவு வேறு: பரிசோதனை வழித் தத்துவம் ஒரு பக்கம், ஊக வழித் தத்துவம் மறுபக்கம். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஆய்வுக் குழு இதை விரிவாக எடுத்துக்காட்டியது. மூன்றுக்கு மூன்று என்று ஆள் கணக்கு முடிந்துவிட்டால் நான்காவது ஆளுக்கு இடமிருக்காது. பெண்கள் விடுபட்டதற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணம்.

அவர்கள் காலத்திலேயே யாருக்கும் தெரியாதவர்களாக இருந்தார்களா?

இல்லை. இந்தத் துறையின் முக்கியமான கண்டுபிடிப்பே அதுதான் என்று சொல்வேன். ஃப்ரெஞ்சு தத்துவவாதி டேக்கார்ட் தன் ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ நூலை 1644இல் பொஹீமியாவின் எலிசபெத் இளவரசிக்குச் சமர்ப்பணம் செய்தார். லாக்கின் நண்பரான டமாரிஸ் மாஷமோடு ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் கடிதம் எழுதி விவாதித்தார். ஆங்கிலத் தத்துவவாதி ஆன் கான்வேயின் புத்தகத்தைப் படித்துவிட்டு, தன் கருத்துகள் அவருடையவற்றுக்கு நெருக்கமானவை என்று எழுதியதும் அதே லைப்னிட்ஸ்தான்.

பிறகு எப்படிக் காணாமல் போனார்கள்?

பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது, பெயர் போடாமல் அச்சிடும் வழக்கம். மாஷமின் இரண்டு புத்தகங்களும் பெயரில்லாமல்தான் வந்தன. 1705இல் வந்த அவருடைய இரண்டாவது புத்தகம் 1747இல் மறுபடி அச்சானபோது அதில் லாக்கின் பெயர் ஏறிவிட்டது. கான்வேயின் நூல் அவர் இறந்து பதினொரு ஆண்டுகள் கழித்து, 1690இல் ஆம்ஸ்டர்டாமில் லத்தீன் மொழிபெயர்ப்பாக வந்தது, அதுவும் பெயரில்லாமல். அவர் எழுதிய ஆங்கில மூலம் தொலைந்துபோனது. இன்று நாம் படிப்பது அந்த லத்தீனிலிருந்து 1692இல் திரும்ப ஆங்கிலத்துக்கு வந்த வடிவத்தையோ, பிற்கால மொழிபெயர்ப்புகளையோதான்.

இரண்டாவது காரணம், எந்த வடிவத்தில் எழுதினார்கள் என்பது. கடிதம், சமய விவாதம், கல்வி பற்றிய அறிவுரை, கற்பனைக் கதை என்று இவர்கள் கைக்கொண்ட வடிவங்களை 19ஆம் நூற்றாண்டுத் தத்துவ வரலாறுகள் ‘இது தத்துவம் அல்ல’ என்று வெளியே தள்ளின. ஐலீன் ஓ’நீல் என்ற ஆய்வாளர் 1998இல் எழுதிய கட்டுரை, டஜன் கணக்கான பெயர்களை வரிசையாக வைத்து இந்த மறைவின் வரலாற்றைச் சொன்னது. இத்துறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் எப்போதாவது ஒரு முறை அந்தக் கட்டுரைக்கு வந்துதான் போவார்கள்.

கடிதத்தைத் தத்துவ நூலாக எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. எலிசபெத் இளவரசி 1643 மே மாதம் டேக்கார்ட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தைப் பாருங்கள். ஆன்மா உடம்பு இல்லாதது, இடத்தை அடைக்காதது என்கிறீர்கள். ஒன்றை அசைக்க வேண்டும் என்றால் அதைத் தள்ள வேண்டும், தொட வேண்டும். இடமே அடைக்காத ஒன்று எப்படி உடம்பைத் தொட்டு அசைக்கும்? கேள்வி அவ்வளவுதான். டேக்கார்ட்டின் முதல் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. மறுபடி கேட்டார், விடவில்லை. உணர்ச்சிகள் பற்றி டேக்கார்ட் 1649இல் வெளியிட்ட நூல் இந்தக் கடிதப் போக்குவரத்திலிருந்து வளர்ந்ததுதான்.

டேக்கார்ட் இறந்த பிறகு தன் கடிதங்களை வெளியிட எலிசபெத் அனுமதி கொடுக்கவில்லை. அவை அச்சில் வந்தது 1879இல். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் ஒரு தரப்பை மட்டும் படித்துக்கொண்டிருந்தது.

டமாரிஸ் மாஷம் யார்? லாக்குக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ரால்ஃப் கட்வொர்த்தின் மகள். இளம் வயதிலேயே லாக்கோடு நட்பு. இருவரும் புனைபெயர்களில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பிறகு அவருக்கு ஃப்ரான்சிஸ் மாஷமோடு திருமணமாகி, எசெக்ஸில் ஓட்ஸ் என்ற ஊர்ப்புற மாளிகைக்குப் போனார். லண்டன் புகை ஒத்துக்கொள்ளாத லாக் 1691இலிருந்து அந்த வீட்டிலேயே, தன் பங்குச் செலவைக் கொடுத்துக்கொண்டு, புத்தகங்களோடு தங்கினார். நியூட்டன் அங்கே விருந்தாளியாக வந்திருக்கிறார். லாக் 1704 அக்டோபர் 28 அன்று இறந்ததும் அந்த வீட்டில்தான். கடைசி நேரத்தில் மாஷம் அவருக்கு பைபிளின் சங்கீதங்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில், 1705 ஜனவரியில், ழான் லெ க்ளேர் என்ற அறிஞருக்கு லாக்கின் வாழ்க்கையை விவரித்து மாஷம் நீண்ட கடிதம் எழுதினார். லெ க்ளேர் அச்சிட்ட லாக் வரலாறு அதை வைத்துத்தான் எழுதப்பட்டது. லாக்கின் குணநலன் பற்றி நாம் படிக்கும் பல செய்திகளுக்கு வேர் அங்கே இருக்கிறது.

இந்தக் கதையிலேயே நின்றுவிட்டால் மாஷம் ‘லாக்கின் தோழி’ ஆகிவிடுவார். அது நியாயமில்லை. 1696இல் வந்த அவருடைய ‘கடவுள் மீதான அன்பு பற்றிய உரை’ ஒரு குறிப்பிட்ட வாதத்துக்குப் பதில். ஜான் நாரிஸ் என்ற பாதிரியார், ஃப்ரெஞ்சு தத்துவவாதி மால்பிரான்ஷைப் பின்பற்றி, நமக்கு இன்பம் தருவது உண்மையில் கடவுள் மட்டுமே, ஆகவே ஆசையோடு நேசிக்க வேண்டியதும் கடவுளை மட்டுமே என்றார். அது அனுபவத்துக்கு ஒவ்வாது என்கிறார் மாஷம். நம்மைச் சுற்றியுள்ள மனிதர்களிடமிருந்துதான் அன்பு என்றால் என்ன என்பதையே கற்கிறோம். படைப்புகளை நேசிக்கத் தெரிந்தவருக்குத்தான் படைத்தவரை நேசிக்கவும் தெரியும். நாரிஸ் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் எல்லோரும் குடும்பத்தையும் ஊரையும் விட்டு மடத்துக்குப் போக வேண்டியதுதான். சேர்ந்து வாழப் பிறந்த மனிதனுக்கு அது பொருந்தாது. லாக்கின் அனுபவவாதத்தை எடுத்து, அன்பு, கடமை, சேர்ந்து வாழ்தல் என்று லாக் அதிகம் போகாத இடங்களுக்குக் கொண்டுபோனவர் மாஷம்.

காதரின் டிராட்டர் காக்பர்ன் லாக்குக்காக எழுதிய புத்தகம் எதைப் பற்றியது?

காதரின் டிராட்டர் முதலில் நாடக ஆசிரியர். முதல் நாடகம் 1695இல் லண்டனில் மேடையேறியது. அந்தச் சமயம் தாமஸ் பர்னெட் என்ற சமய அறிஞர் லாக்கின் கட்டுரையைத் தாக்கி, பெயர் போடாமல் மூன்று சிறு நூல்கள் வெளியிட்டிருந்தார். பிறவிக் கருத்துகள் இல்லை என்றால் நல்லது கெட்டதை எதை வைத்துப் பிரிப்பது? தூக்கத்தில் ஆன்மா சிந்திப்பதில்லை என்று லாக் சொல்கிறாரே, அப்படியென்றால் அது அழியாதது என்பதற்கு என்ன உறுதி? இவைதான் அந்தத் தாக்குதலின் மையம்.

1702இல் டிராட்டரின் பதில் வந்தது, பெயரில்லாமல். தூக்கம் பற்றிய கேள்விக்கு அவர் சொல்வது எளிமையானது: ஒன்று சிந்திக்காமல் இருப்பதும், அது இல்லாமல் போவதும் ஒன்றல்ல. இரவில் சிந்தனை நின்று காலையில் திரும்ப வருகிறது என்று லாக் சொல்வதால் ஆன்மாவின் அழியாமைக்கு எந்தப் பங்கமும் இல்லை. ஏனென்றால் அழியாமைக்கான நல்ல வாதங்கள் எதுவும் ‘எப்போதும் சிந்திக்கிறது’ என்பதை நம்பி நிற்கவில்லை. ஒழுக்கம் பற்றிய கேள்விக்கு, மனம் தன்னையும் மனித இயல்பையும் உற்றுக் கவனித்தே நல்லதைக் கண்டுகொள்ள முடியும் என்று பதில் சொன்னார். லாக்கின் கையில் கொஞ்சம் தளர்ந்து கிடந்த ஒரு முடிச்சை அவர் இறுக்கிக் கட்டியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

எழுதியவர் யார் என்று தெரிந்ததும் லாக் நன்றிக் கடிதம் எழுதினார், புத்தகங்களும் பரிசாக அனுப்பினார். 1708இல் டிராட்டருக்கு பேட்ரிக் காக்பர்ன் என்ற பாதிரியாரோடு திருமணம் நடந்தது. புதிய அரசருக்கான உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் 1714இல் கணவருக்கு வேலை போனது. குழந்தைகள், வறுமை. மறுபடி அவர் தத்துவம் எழுதி வெளியிட்டது 1726இல், அதுவும் லாக்கைக் காக்கத்தான். அவருடைய எழுத்துகள் இரண்டு தொகுதிகளாக வந்தது 1751இல்; அப்போது அவர் உயிரோடு இல்லை.

இந்தப் பெண்கள் எல்லோரும் அனுபவவாதிகளா?

இல்லவே இல்லை. அப்படி ஒரே மூட்டையாகக் கட்டினால் இவர்கள் ஒவ்வொருவரும் சொன்னது காணாமல் போகும்.

மேரி ஆஸ்டெல் டேக்கார்ட்டின் வழி வந்தவர். லாக்கை எதிர்த்து எழுதியவர். பெண்களுக்கென்று தனிக் கல்விக்கூடம் வேண்டும் என்று 1694இல் கேட்டவரும் அவர்தான். கேம்பிரிட்ஜின் மாக்டலீன் கல்லூரி நூலகத்தில் அவருக்குச் சொந்தமாக இருந்த 47 புத்தகங்கள் இருப்பது 2021இல் தெரியவந்தது. பலவற்றின் ஓரங்களில் அவர் கைப்படக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். டேக்கார்ட்டை ஃப்ரெஞ்சில் படித்துக் குறிப்பெடுத்திருப்பது அதில் தெரிகிறது. ‘இவர்களுக்கு அறிவியல் எவ்வளவு தெரிந்திருக்கும்’ என்ற பழைய சந்தேகத்துக்கு அந்த ஓரக் குறிப்புகளே போதும்.

மார்கரெட் கேவண்டிஷ் இன்னொரு வகை. அவருக்குப் பரிசோதனை வழியே சந்தேகம். ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி 1665இல் நுண்ணோக்கியில் கண்டவற்றைப் பெரிய படங்களாக வெளியிட்டார்: ஊசி முனை, பேன், ஈயின் கண். அடுத்த ஆண்டே கேவண்டிஷ் பதில் எழுதினார். கண்ணாடி பொருளை அப்படியே காட்டுவதில்லை, மாற்றிக் காட்டுகிறது. கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் கத்தி முனை நுண்ணோக்கியில் மழுங்கித் தெரிகிறது என்றால், கத்தி மழுங்கியதா, கருவி பொய் சொல்கிறதா? பேனின் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிச்சைக்காரரைப் பேன் கடிப்பதை அது தடுக்காது. கருவியை நம்பலாமா என்ற இந்தக் கேள்வியை இன்றைய அறிவியல் தத்துவமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

1667 மே 30 அன்று அவர் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குப் போனார். ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி காற்றை எடை போட்டுக் காட்டினார். அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்தது 1945இல்.

எமிலி து ஷாட்லே நியூட்டனை மொழிபெயர்த்தவர்தானே?

மொழிபெயர்த்தார், 1759இல் முழுமையாக வெளிவந்த அந்த ஃப்ரெஞ்சு மொழிபெயர்ப்பும் விளக்கவுரையும் பெரிய வேலைதான். ஆனால் அவருடைய சொந்த நூல் ‘இயற்பியலின் அடிப்படைகள்’ 1740இலேயே வந்துவிட்டது. அதில் கருதுகோள் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. நியூட்டனைப் பின்பற்றியவர்கள் கருதுகோளே கூடாது என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், கருதுகோள் இல்லாமல் வானியல் ஓர் அடி நகர்ந்திருக்காது, எப்போது அதைக் கைவிட வேண்டும் என்று தெரிந்து பயன்படுத்தினால் போதும் என்றார். ஃப்ரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ‘கருதுகோள்’ கட்டுரை இந்த அத்தியாயத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒருவரைப் படிக்க வேண்டும் என்றால் யாரைப் படிக்கலாம்?

என் பதில் மேரி ஷெப்பர்ட். 1777இல் எடின்பரோ அருகே பிறந்தவர். ஹியூமுக்கு வந்த பதில்களில் மிகக் கூர்மையானவற்றில் ஒன்று அவருடையது. ஆனால் பாடத்திட்டங்களில் அவர் பெயர் இப்போதுதான் ஏறிவருகிறது.

முதலில் ஹியூம் சொன்னது. ஒரு பொருள் காரணம் இல்லாமல் தோன்றுவதாக நம்மால் கற்பனை செய்ய முடிகிறது. அதில் முரண்பாடு ஏதும் இல்லை. ஆகவே ‘எதற்கும் காரணம் உண்டு’ என்பதைத் தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது. நெருப்பைத் தொட்டால் சுடும் என்று நம்புவது, பலமுறை பார்த்துப் பழகிய பழக்கத்தால்தான்.

ஷெப்பர்ட் 1824இல் எழுதிய நூலில் கேட்கிறார்: ஒரு பொருள் தோன்றத் தொடங்குகிறது, அதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தொடங்குவது என்பது ஒரு செயல். யாருடைய, எதனுடைய செயல்? வேறு எதனுடையதும் இல்லை என்று சொல்லிவிட்டோம். அப்படியானால் அந்தப் பொருளின் செயலாகவே இருக்க வேண்டும். ஆனால் அது இன்னும் இல்லவே இல்லையே! இல்லாத ஒன்று எப்படிச் செயல்படும்? முரண்பாடு இல்லை என்று ஹியூம் சொன்ன இடத்திலேயே முரண்பாடு உட்கார்ந்திருக்கிறது என்கிறார்.

அப்புறம் ரொட்டி. நேற்றுச் சாப்பிட்ட ரொட்டி பசியாற்றியது. அதே போலத் தோற்றமளிக்கும் இன்றைய ரொட்டியும் பசியாற்றும் என்று எப்படித் தெரியும் என்பது ஹியூமின் கேள்வி. தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதை ஷெப்பர்ட் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒரே வகையான காரணங்களால் உருவான பொருளென்றால், அது உள்ளுக்குள்ளும் அதே பொருள். அதே பொருள் அதே உடம்போடு சேர்ந்தால் வேறு விளைவு வர வழியே இல்லை. காரணம் முன்னே நடக்க, விளைவு பின்னே வருகிறது என்ற ஹியூமின் படமே தவறு என்பது அவர் நிலைப்பாடு. விறகும் நெருப்பும் சேரும் அந்தச் சேர்க்கையிலேயே எரிதல் இருக்கிறது. சூழ்நிலை சரியாகத் தெரிந்தால் ஒரே ஒரு பரிசோதனை போதும், ஆயிரம் முறை பார்க்க வேண்டியதில்லை.

இதில் ஓட்டைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. ‘தொடங்குவது ஒரு செயல்’ என்பதை ஹியூம் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார். இந்த ரொட்டி அதே காரணங்களால்தான் உருவானது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றும் அவர் தரப்பு கேட்கலாம். இப்படி எதிர்வாதம் செய்ய இடம் கொடுப்பதால்தான் அவரைப் படிக்கச் சொல்கிறேன்.

பெண்கள் என்பதற்காகவே இவர்களைத் தூக்கிப்பிடிக்கிறார்கள் என்ற பேச்சு இருக்கிறதே?

ஷெப்பர்டின் ரொட்டி வாதத்தையும் எலிசபெத்தின் கேள்வியையும் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெயர் தெரியாமலேயே காக்பர்னைப் படித்த லாக் மதித்தார். நான் குறை சொல்வது வேறொரு போக்கை. ‘காலத்தை மீறிய பெண்’ என்று நாலு வரி வாழ்க்கைக் குறிப்பு எழுதிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்பதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். அது மரியாதை அல்ல.

எல்லோரும் பிரபு வீட்டுப் பெண்கள்தானே?

பெரும்பாலும் ஆமாம். கேவண்டிஷ் கோமாட்டி, எலிசபெத் இளவரசி, ஷெப்பர்ட் ஒரு பிரபுவின் மகள். நூலகமும் நேரமும் கடித நண்பர்களும் அந்த வீடுகளில்தான் இருந்தன. காக்பர்னும் நிலக்கரி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஆஸ்டெலும் விதிவிலக்கு. யாருடைய காகிதங்கள் பத்திரப்படுத்தப்பட்டன என்பதும் இதில் அடக்கம். பெரிய வீட்டுப் பெட்டிகளில் இருந்தவை தப்பித்தன.

லாக் இந்தியா பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

ஓர் இடம் பிரபலமானது. பொருளின் குணங்களைத் தாங்கி நிற்கும் ‘பொருண்மை’ என்றால் என்ன என்று பேசும்போது, உலகத்தை யானை தாங்குகிறது, யானையை ஆமை தாங்குகிறது, ஆமையை ஏதோ ஒன்று தாங்குகிறது என்று ஓர் இந்தியர் சொன்னதாக எழுதுகிறார். அவர் குறி இந்தியர் மேல் அல்ல, ஐரோப்பியத் தத்துவவாதிகள் மேல்: நீங்களும் அந்த ‘ஏதோ ஒன்று’க்கு மேல் எதுவும் சொல்லவில்லையே என்கிறார். அன்று ஐரோப்பாவில் பரவலாக இருந்த பயண நூல்களிலிருந்து அவருக்கு இது கிடைத்திருக்கலாம். லாக் அவற்றை விரும்பிச் சேர்த்தவர்.

படிக்கத் தொடங்க என்ன கிடைக்கும்? பணம் கட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. 1700க்கு முந்தைய ஆங்கில அச்சு நூல்களைத் தட்டச்சு செய்த பெரிய தொகுப்பில் முதல் 25,000 நூல்கள் 2015இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. மீதியில் பெரும்பகுதி 2020இல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தின் ‘ப்ராஜெக்ட் வாக்ஸ்’ தளத்தில் வாழ்க்கைக் குறிப்பு, பாடத்திட்டம், படிக்க வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. ஜெர்மனியில் பாடர்போர்ன் பல்கலைக்கழகம் பெண் தத்துவவாதிகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் நடத்துகிறது. கடிதங்களைத் தேட, ஆக்ஸ்ஃபோர்டின் தொடக்க நவீன காலக் கடிதப் பட்டியல் உதவும்.

பழைய அச்சை ஸ்கேன் செய்த பக்கங்களில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். அந்தக் காலத்தில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ எழுத்து நீண்டு, ஏறக்குறைய ‘எஃப்’ போல இருக்கும். கணினி அதை ‘எஃப்’ என்றே படித்துவிடும். ‘சென்ஸ்’ என்று தேடி ஒன்றும் வராவிட்டால் ‘எஸ்’ வரும் இடங்களில் ‘எஃப்’ போட்டுத் தேடிப் பாருங்கள். பக்கம் பக்கமாக வரும்.

ஆய்வுத் தலைப்பு எப்படித் தேர்ந்தெடுப்பது?

‘மாஷமின் தத்துவம்’ என்று ஆளை வைத்துத் தலைப்பு போடாதீர்கள். ஒரு வாதத்தை எடுங்கள். தூக்கத்தில் ஆன்மா பற்றி டேக்கார்ட், லாக், பர்னெட், காக்பர்ன் நால்வரும் சொன்னதை அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே முதுகலை ஆய்வேட்டுக்கு வேண்டிய விஷயம் கிடைத்துவிடும். காரணம் பற்றி ஹியூமையும் ஷெப்பர்டையும் ஒப்பிடுவது இன்னொன்று. ஷாட்லேயையோ எலிசபெத்தையோ எடுத்தால் ஃப்ரெஞ்சு தெரிய வேண்டும். கான்வேக்கு லத்தீன் உதவும். காக்பர்ன், ஷெப்பர்ட் இருவரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் என்பதால் இங்கிருந்து தொடங்குகிறவர்களுக்கு அவர்களே வசதி. காக்பர்னின் 1702 புத்தகம் சிறியது. முதலில் அதை ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு, அவர் யாருக்குப் பதில் சொல்கிறாரோ அந்த பர்னெட்டின் மூன்று சிறு நூல்களையும் தேடி எடுங்கள்.